காதின் சாட்சி: பவர் கண்டிஷனரும் அளவை இயலும்

வீட்டில் பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் சுவரிலுள்ள பிளக் பாயிண்டுக்கும் நடுவே வைக்கப்படும் பெட்டியைப் பவர் கண்டிஷனர் என்கிறார்கள். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தோடு கலந்திருக்கும் இரைச்சலை வடிகட்டுவது, மின்னழுத்தம் திடீரென எகிறினால் தடுப்பது, சில வகைகளில் மின்னழுத்தத்தையே நிலைப்படுத்தித் தருவது ஆகியவை இதன் வேலைகள். சில ஆயிரம் ரூபாய்க்கும் இது கிடைக்கிறது. ஆம்ப்ளிஃபயரின் விலையையே மிஞ்சும் வகைகளும் விற்கின்றன. இதைப் பொருத்திய பிறகு இசை தெளிந்துவிட்டது, பின்னணி அமைதியாகிவிட்டது, பாடகரின் குரல் முன்னால் வந்து நிற்கிறது என்று கேட்பவர்களில் பலர் அடித்துச் சொல்கிறார்கள். ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பவர்களில் பலர் அதே உறுதியோடு மறுக்கிறார்கள். பெரிய ஆம்ப்ளிஃபயருக்கு இது கெடுதல் என்று சொல்பவர்களும் உண்டு.

இந்த வழக்கு மின்னியலோடு முடிந்துவிடுவதில்லை. ஒருவர் தம் காதால் நேரே கேட்டதாகச் சொல்வதை எந்த அளவுக்கு அறிவு என்று ஏற்கலாம்? கேட்ட மாற்றத்துக்கு இன்னதுதான் காரணம் என்று சொல்ல அதற்கு மேல் என்ன வேண்டும்? சான்று போதாத இடத்தில் ஒன்றை நம்ப ஒருவருக்கு உரிமை உண்டா? இவை தத்துவத்தின் மிகப் பழைய கேள்விகள். இந்திய மரபில் இவற்றுக்கு அளவை என்ற தனித் துறையே இருந்தது. நூற்றுக்கணக்கான ஆண்டுகள் பல சமயங்கள் வாதாடித் தீட்டிய கருவிகள் அதில் இருக்கின்றன. ஆனால் அவற்றை எடுக்கும் முன் மின்சாரத்தின் பக்கம் தெளிவாக வேண்டும். கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் காதின் சாட்சியை எடைபோட முடியாது.

ஆம்ப்ளிஃபயர் சுவர் மின்சாரத்தை அப்படியே ஸ்பீக்கருக்கு அனுப்புவதில்லை. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் முதலில் ஒரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் போய்ச் சில பத்து வோல்ட்டாகக் குறைகிறது. அடுத்து நான்கு டையோடுகள் அதை ஒரே திசையில் ஓடும்படி திருப்புகின்றன. பிறகு பெரிய கப்பாசிட்டர்கள் அதைச் சேமித்து வைக்கின்றன. ஸ்பீக்கருக்குப் போகும் மின்னோட்டம் முழுவதும் இந்தச் சேமிப்பிலிருந்து எடுக்கப்படுவது. கப்பாசிட்டரில் ஏற்கெனவே இருக்கும் அழுத்தத்தைவிட டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் அழுத்தம் கூடுதலாக இருக்கும் கணத்தில் மட்டுமே டையோடு திறக்கும். மின் அலையின் ஒவ்வொரு அரைச் சுற்றும் 10 மில்லிசெகண்ட் நீளம். அதில் உச்சியை ஒட்டிய இரண்டு மூன்று மில்லிசெகண்டில்தான் சுவரிலிருந்து மின்சாரம் உள்ளே வருகிறது. மீதி நேரம் முழுக்க ஆம்ப்ளிஃபயர் தன் சேமிப்பில் ஓடுகிறது. ஆக, அது மின்சாரத்தைச் சீராக எடுப்பதில்லை. நொடிக்கு 100 முறை, பெரிய பெரிய மிடறுகளாக விழுங்குகிறது.

ஒரு மிடறுக்கும் அடுத்ததற்கும் நடுவே கப்பாசிட்டரின் அழுத்தம் கொஞ்சம் சரிகிறது. 10,000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரிலிருந்து 1 ஆம்பியர் எடுத்தால் அந்தச் சரிவு ஏறக்குறைய 1 வோல்ட். ஆம்ப்ளிஃபயருக்குள் அதன் சொந்த மின்வழங்கியே இப்படி நொடிக்கு 100 முறை ஒரு வோல்ட் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. இருந்தும் ஸ்பீக்கரில் அது கேட்பதில்லை. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் சுற்று அதை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே அமுக்கிவிடுவதே காரணம். சுவர் மின்சாரத்தில் என்ன அழுக்கு இருக்கிறது என்று கவலைப்படும் எவரும் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டிய செய்தி இது. தன் வீட்டுக்குள்ளேயே இத்தனை பெரிய அலைச்சலைத் தாங்கும்படிதான் அந்தக் கருவி கட்டப்பட்டிருக்கிறது. இந்த அமுக்கும் திறன் அதிர்வெண் கூடக் கூடக் குறையும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ரேடியோ அலை அளவிலான இரைச்சல் டிரான்ஸ்ஃபார்மரின் சுருள்களுக்கு நடுவே தாவி உள்ளே வந்து, முதல் நிலைச் சுற்றில் சிக்கி, கரகரப்பாக வெளிப்பட வழி இருக்கிறது.

மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐரோப்பியத் தரநிலை இஎன் 50160, 230 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 10 விழுக்காட்டை அனுமதிக்கிறது. அலையின் வடிவம் 8 விழுக்காடு வரை சிதைந்திருக்கவும் இடம் தருகிறது. அழுத்தம் 207 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது என்று கொள்வோம். சாதாரண டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரின் உள் அழுத்தமும் 10 விழுக்காடு குறையும். அது தரக்கூடிய உச்ச ஆற்றல் 81 விழுக்காடாகும். ஒலியளவில் இந்த இழப்பு 1 டெசிபெல்கூட இல்லை. அதுவும் வால்யூமை முழுக்கத் திருப்பி உச்சத்தைத் தொடும்போது மட்டும்தான் தெரியும். மிதமான ஒலியில் கேட்கும்போது எந்த மாற்றமும் வராது. ஒலியை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதைத் தீர்மானிப்பவை உள்ளே இருக்கும் இரண்டு ரெசிஸ்டர்கள். சுவர் மின்சாரத்துக்கு அதில் பங்கில்லை.

கண்டிஷனர் உண்மையிலேயே உதவும் இடங்கள் இருக்கின்றன. மாறுமின்னோட்டத்தோடு சிறிதளவு நேர்மின்னழுத்தம் கலந்து வந்தால், வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் நிறைந்துபோய் ரீங்கரிக்கத் தொடங்கும். அரை வோல்ட், ஒரு வோல்ட் போதும். ஸ்பீக்கரை முழுக்கக் கழற்றிவிட்டாலும் பெட்டியிலிருந்தே அந்தச் சத்தம் வரும். நேர்மின்னழுத்தத்தைத் தடுக்கும் சுற்றுள்ள கண்டிஷனரைப் பொருத்தினால் அது நின்றுவிடும். இடிமின்னல் காலத்தில் எகிறும் அழுத்தத்தை வேரிஸ்டர் என்ற உறுப்பு தாங்கிக்கொள்கிறது. பக்கத்துப் பட்டறையின் மோட்டாரோ மலிவான எல்இடி விளக்கோ கிளப்பும் ரேடியோ இரைச்சலை வடிகட்டி தணிக்கும். வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர்களில், குறிப்பாக ஒற்றை டிரையோடு வகையில், அமுக்கும் திறன் குறைவு. வால்வின் இழைச் சூடும் இயங்குநிலையும் சுவர் அழுத்தத்தோடு சேர்ந்தே ஏறி இறங்கும். அங்கே நிலையான அழுத்தம் பயன் தரும்.

கெடுதலும் கணக்கில் அகப்படுவதுதான். 1,000 வோல்ட்-ஆம்பியர் கொள்ளளவும், முழுச் சுமையில் 4 விழுக்காடு அழுத்தச் சரிவும் உள்ள ஒரு தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துக்கொண்டால், அது வழியில் ஏறக்குறைய 2 ஓம் தடையைச் சேர்க்கிறது. நல்ல வீட்டு மின்கம்பியின் தடை பெரும்பாலும் அரை ஓமை ஒட்டியே இருக்கும். பெரிய ஆம்ப்ளிஃபயர் விழுங்கும் ஒரு மிடறின் உச்சம் 10 ஆம்பியர் என்றால், அந்தக் கணத்தில் 325 வோல்ட் உச்சியிலிருந்து 20 வோல்ட் கழிந்துபோகிறது. முரசோ பேஸ் கிதாரோ அதிரும் இடத்தில்தான் கையிருப்பு தேவை; அங்கேதான் அது குறைகிறது. 1990களின் பிற்பகுதியில் பிஎஸ் ஆடியோ நிறுவனம் கொண்டுவந்த பவர் பிளான்ட் போன்றவை சுவர் மின்சாரத்தை வைத்துப் புதிதாக ஓர் அலையையே உண்டாக்கித் தருபவை. அடிப்படையில் அவையும் ஆம்ப்ளிஃபயர்களே; எனவே அவற்றின் கொள்ளளவுக்கு மேல் கேட்டால் அவையே திணறும். இன்னொரு கெடுதல் எர்த் வழியாக வருவது. வடிகட்டி தான் பிடித்த இரைச்சலை எர்த் கம்பியில் தள்ளுகிறது. ஒரு கருவி கண்டிஷனரிலும் மற்றொன்று நேரே சுவரிலும் இருந்து, இரண்டையும் ஒலிக் கேபிள் இணைத்தால், முன்பு இல்லாத ‘ம்ம்ம்’ சத்தம் புதிதாக முளைக்கலாம்.

இதுவரை சொன்னவற்றில் பெரிய சச்சரவு இல்லை. மீட்டர் வைத்து அளக்கலாம், காரணத்தைச் சுட்டலாம், பெட்டியை எடுத்தால் குறை திரும்புகிறதா என்று பார்க்கலாம். சச்சரவு வேறோர் இடத்தில் இருக்கிறது. மின்னழுத்தம் சரியாக இருக்கிறது, ரீங்காரம் இல்லை, ஆம்ப்ளிஃபயரும் நல்ல வடிவமைப்பு. அப்படியும் கண்டிஷனரைப் பொருத்தியவுடன் இசையின் மேலிருந்த திரை விலகியது என்று ஒருவர் சொல்கிறார். ஸ்பீக்கர் முனையில் அளந்தால் வேறுபாடு தெரியவில்லை. யார் பக்கம் அறிவு நிற்கிறது?

குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்கள் கேட்பவரின் பக்கம் நிற்பவர்களாக முதல் பார்வைக்குத் தோன்றுவார்கள். ஓர் அறிவு தோன்றியவுடனே தன்னளவில் செல்லும். அதற்கு இன்னொரு சான்றிதழ் தேவையில்லை என்பது அவர்கள் கட்சி. ஒவ்வோர் அறிவுக்கும் மற்றோர் அறிவு சாட்சி சொல்ல வேண்டுமென்றால், அந்தச் சாட்சிக்கும் சாட்சி வேண்டும். அந்தச் சங்கிலிக்கு முடிவே இராது. நியாய மரபினர் இதை ஏற்கவில்லை. அறிவு மெய்யா என்பது அதை நம்பிச் செய்த செயல் பலித்ததா என்பதைக் கொண்டு வெளியிலிருந்து உறுதிப்படுவது என்றார்கள். தொலைவில் தெரிந்தது நீர்தானா என்பது குடித்தால் தெரியும். காதை நம்பும் இசை அன்பரும் மீட்டரை நம்பும் பொறியாளரும் தங்களை அறியாமலே இந்தப் பழைய வழக்கை மறுபடி நடத்துகிறார்கள்.

மீமாம்சக் கட்சியை அரைகுறையாக எடுத்துக்கொண்டால் மட்டுமே அது இசை அன்பருக்கு முழுத் துணையாகும். அறிவு தன்னளவில் செல்லும் என்று சொன்ன அதே மூச்சில், அது விழும் இரண்டு இடங்களையும் அவர்கள் குறித்தார்கள். பின்னால் வரும் ஓர் அறிவு அதற்கு எதிராக நிற்பது ஒன்று. அந்த அறிவைப் பிறப்பித்த காரணத்திலேயே ஒரு குற்றம் இருப்பது தெரியவருவது மற்றொன்று. காமாலைக் கண்ணுக்கு வெண்சங்கு மஞ்சளாகத் தெரிகிறது. கண்ணில் நோய் என்று தெரிந்த பின் மஞ்சள் என்ற அறிவு நிற்காது. ஆகவே கேள்வி இப்படித் திரும்புகிறது: விலையும் பெயரும் தெரிந்து, பெட்டியைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்பதில், கேள்விப்புலனுக்கு ஒரு குற்றம் ஏற்படுகிறதா?

ஏற்படுகிறது என்பதற்கு வலுவான சான்று உண்டு. 1994இல் ஃபிளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் அமெரிக்காவில் ஹார்மன் நிறுவன ஊழியர்கள் 40 பேரை வைத்து நடத்திய சோதனையில் நான்கு ஸ்பீக்கர்கள் மதிப்பிடப்பட்டன. திரைக்குப் பின்னால் வைத்து ஒரு முறை, கண்ணுக்குத் தெரிய வைத்து ஒரு முறை. கண்ணால் பார்த்தபோது மதிப்பெண்கள் ஸ்பீக்கரின் அளவு, பெயர், விலை ஆகியவற்றின் பக்கம் சாய்ந்தன. அதைவிடக் கவனிக்க வேண்டிய முடிவு இன்னொன்று. பார்த்துக்கொண்டு கேட்டவர்கள், ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றியதால் உண்மையாகவே ஏற்பட்ட ஒலி மாற்றத்துக்குக்கூட முன்னளவு அசைந்துகொடுக்கவில்லை. முன்கூட்டித் தெரிந்த செய்தி, இல்லாததைக் கேட்க வைத்ததோடு நிற்காமல், இருப்பதையும் கேட்கவிடாமல் செய்தது.

மணிமேகலையில் வஞ்சி நகரத்து அளவைவாதி ஒருவர் பேசும் பகுதி இருக்கிறது. வியாசர் பத்து, கிருதகோடி எட்டு, சைமினி ஆறு என்று அளவைகளை, அதாவது அறிவு பெறும் முறையான வழிகளை, எண்ணிய பிறகு, அளவை போலத் தோன்றி அளவை ஆகாத எட்டையும் அவர் வரிசைப்படுத்துகிறார். இப்பியை வெள்ளி என்று கொள்ளும் திரியக்கோடல் அவற்றில் ஒன்று. ஆராயாமல் கட்டையை ஆள் என்று துணியும் தேராது தெளிதல் மற்றொன்று. கண்முன் இருப்பதைக் கண்டும் அறியாதிருக்கும் கண்டுணராமையும் அதே பட்டியலில் இடம்பெறுகிறது. இல்லாததைக் காண்பதையும் இருப்பதைக் காணாததையும் ஒரே இனக் குற்றமாக வைத்த கூர்மை வியப்புக்குரியது. ஹார்மன் சோதனையில் வெளிப்பட்டவை இந்த இரண்டு பிழைகள்தான்.

கௌதமரின் நியாய சூத்திரம் காட்சியை, அதாவது புலன்வழி வரும் நேரறிவை, வரையறுக்கும் இடம் இந்த வழக்கின் நடுப்புள்ளி. புலனும் பொருளும் சேர்வதால் பிறக்க வேண்டும், பெயரைச் சார்ந்திருக்கக் கூடாது, பிறழாதிருக்க வேண்டும், ஐயமின்றித் துணிவாக இருக்க வேண்டும் என்று அது நிபந்தனை வைக்கிறது. பெயர் சாராமை என்பதற்கு உரையாசிரியர்கள் பலவிதமாகப் பொருள் சொன்னாலும், சொல்லிலிருந்து வந்த அறிவும் புலனிலிருந்து வந்த அறிவும் கலந்துவிடக் கூடாது என்ற கவலை அதில் தெளிவாகத் தெரிகிறது. பௌத்தரான திக்நாகர் இன்னும் கடுமையாகப் போனார்: கற்பனை சிறிதும் கலவாததே காட்சி, பெயரும் இனமும் சேர்ந்தவுடன் அது வேறொன்றாகிவிடுகிறது என்றார். காஞ்சிப் பகுதியில் பிறந்தவர் என்று மரபு சொல்லும் இவருடைய அளவை வழியைத்தான் மணிமேகலையின் பிற்பகுதியில் அறவண அடிகள் சொல்லும் பௌத்த அளவை பெரும்பாலும் பின்பற்றுகிறது. 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்ற ஐந்தும் கூடிய அறிவையும் அவை கூடாத அறிவையும் பிரித்துக் காட்டினார்.

இவர்கள் அறிவுக்குள்ளே செய்த பிரிப்பை அறைக்குள்ளே செய்வதுதான் கண்மறைத்த சோதனை. 1950இல் பெல் ஆய்வகத்தின் மன்சனும் கார்ட்னரும் ஏபிஎக்ஸ் என்ற முறையை விவரித்தார்கள். 1982இல் டேவிட் கிளார்க் அதையே இசைக் கருவிகளுக்கான ஒப்பீட்டுப் பெட்டியாக விளக்கி எழுதினார். ஏ என்றால் சுவரிலிருந்து நேரே, பி என்றால் கண்டிஷனர் வழியே. எக்ஸ் இவ்விரண்டில் ஒன்று. எது என்று கேட்பவருக்கும் தெரியாது, நடத்துபவருக்கும் தெரியாது. கேட்பவர் தமக்குப் பிடித்த பாட்டை, தம் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு கேட்கலாம். எக்ஸ் என்பது ஏயா, பியா என்று மட்டும் சொன்னால் போதும். 16 முறையில் 12 முறை சரியாகச் சொன்னால், வெறும் ஊகத்தால் அப்படி அமைய நூற்றில் நான்குக்கும் குறைவான வாய்ப்பே உண்டு. நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு ஊகித்தாலும் அவர்களில் மூன்று நான்கு பேர் அந்த எண்ணைத் தொட்டுவிடுவார்கள் என்பதால், ஒருவர் தேறினால் அவரையே மறுபடி சோதிப்பதுதான் முறை.

கண்டிஷனரை இப்படிச் சோதிப்பது எளிதன்று. மின்சாரத்தை ஒரு வழியிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது நொடியின் ஒரு பகுதிக்கு ஆம்ப்ளிஃபயருக்கு மின்சாரம் இருக்காது. கப்பாசிட்டர்கள் சிறிது தாங்கினாலும் ‘டக்’ என்ற ஓசை எழலாம். அந்த ஓசையே எது என்று காட்டிக்கொடுத்துவிடும். நிறுத்தி மாற்றினால் இடைவெளி நீள்கிறது. ஒலியின் நுண்ணிய சாயலைக் காது நினைவில் வைத்திருப்பது சில நொடிகள்தான். ஒரே மாதிரியான இரண்டு ஆம்ப்ளிஃபயர்களை வைத்துக்கொண்டால் அவற்றின் ஒலியளவு 0.1 டெசிபெலுக்குள் ஒத்திருக்க வேண்டும். இல்லையென்றால் சற்றே உரத்தது எதுவோ அதையே நல்ல ஒலி என்று காது தேர்ந்துவிடும். இவ்வளவையும் பொறுமையாகச் செய்யாமல் சோதித்தோம் என்று சொல்வதும் தேராது தெளிதலே. இன்னொரு வழி, ஸ்பீக்கர் முனையில் இரு நிலையிலும் பதிவு செய்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மிஞ்சுவதைக் கேட்பது. மிஞ்சியது காதுக்கு எட்டாத அளவு என்றால் அறைக்குள் வந்த ஒலி ஒன்றுதான்.

சோதனையில் வேறுபாடு பிடிபடவில்லை என்பதிலிருந்து வேறுபாடே இல்லை என்று முடிவுகட்டலாமா? பொறியாளர்கள் அவசரப்படும் இடம் இது. 2007இல் பிராட் மேயரும் டேவிட் மோரனும் உயர்தரப் பதிவுகளைச் சிடி தரத்துக்குக் குறைத்துக் காட்டிய சோதனையில், 554 முயற்சிகளில் 276 சரியாக இருந்தன. நாணயம் சுண்டினாலும் அவ்வளவுதான் வரும். வழக்கு முடிந்தது என்றார்கள் பலர். 2016இல் ஜோஷுவா ரைஸ், இந்த வகைச் சோதனைகள் 18ஐத் திரட்டிக் கணக்கிட்டபோது சரியான விடைகள் 52.3 விழுக்காடு என்று வந்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அது இன்னும் கூடுதல். சிறிய வேறுபாடுதான், ஆனாலும் ஊகத்தால் விளக்க முடியாதது. அந்தச் சோதனைகள் கண்டிஷனரைப் பற்றியவை அல்ல என்றாலும், காணவில்லை என்பதை எப்படிப் படிக்க வேண்டும் என்று அவை கற்பிக்கின்றன.

இன்மையை எப்படி அறிகிறோம் என்பது இந்திய அளவை நூல்களில் பெரிய தகராறு. பட்ட மீமாம்சகர்கள் காணாமையைத் தனி அளவையாகவே வைத்தார்கள். பௌத்தரான தர்மகீர்த்தி அதற்கு ஒரு வரம்பு கட்டினார். இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்லத்தக்க பொருளைக் காணாதபோதுதான் அது இல்லை எனலாம். மேசைமேல் குடம் இருந்தால் தெரிந்திருக்கும், தெரியவில்லை, ஆகவே இல்லை. பிசாசு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது என்பவரிடம், தெரியவில்லை ஆகவே இல்லை என்ற வாதம் எடுபடாது. இந்த வரம்பைக் கண்டிஷனர் வழக்கில் வைத்தால் இரு தரப்புக்கும் கடிவாளம் விழுகிறது. சோதனையின் கூர்மை என்ன, எவ்வளவு சிறிய மாற்றத்தை அது பிடித்திருக்கும் என்று காட்டாத பொறியாளர் இன்மையை நிறுவியவர் ஆகமாட்டார். மறுபக்கம், திரை விலகியது, வீட்டில் மற்றவர்களுக்கும் பளிச்சென்று தெரிந்தது என்று ஒருவர் சொல்லிவிட்டால், அவர் சொன்ன மாற்றம் கட்டாயம் தெரியத்தக்க இனத்தைச் சேர்ந்தது. கண்ணை மறைத்தவுடன் அது பிடிபடாமல் போனால், தர்மகீர்த்தியின் வரம்புக்குள் நின்றே அது இல்லை என்று சொல்லலாம். பெரிய மாற்றம் என்று உரிமை கொண்டாடிவிட்டு, சோதனை வந்ததும் நுண்ணிய மாற்றம் என்று ஒதுங்குவது ஏற்கத்தக்கதன்று.

மாற்றம் உண்மையாகவே கேட்டது என்று வைத்துக்கொண்டாலும் காரணம் என்ற படி மிச்சமிருக்கிறது. நடைமுறையில் மிகுதியாகத் தவறு நேர்வது இங்கேதான். கண்டிஷனர் வாங்கியவர் அதைப் பொருத்தும் நாளில் என்னவெல்லாம் செய்கிறார் என்று அருகில் நின்று பார்த்தால் புரியும். அலமாரியை முன்னால் இழுக்கிறார். பல ஆண்டுகளாகப் படிந்த தூசியைத் துடைக்கிறார். ஒவ்வொரு கேபிளையும் பிடுங்கி மறுபடி செருகுகிறார். செருகும் உரசலில் முனையிலிருந்த களிம்பு போய்த் தொடர்பு சீராகிறது. வெவ்வேறு சுவர்ப் பாயிண்டுகளில் இருந்த சிடி பிளேயர், ஆம்ப்ளிஃபயர், டிவி எல்லாம் இப்போது ஒரே பெட்டியில், ஒரே எர்த்தில் சேர்கின்றன. ஸ்பீக்கர் நான்கு விரற்கடை நகர்ந்திருக்கலாம். அன்று மாலை அவர் வழக்கத்தைவிடக் கவனமாக உட்கார்ந்து கேட்கிறார். ரீங்காரம் நின்றது மெய். நிறுத்தியது எது?

நியாய நூல்கள் இதற்கு இரண்டு கருவிகளைத் தருகின்றன. முதலாவது உபாதி. புகை உள்ள இடத்தில் நெருப்பு இருக்கும். நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை இருக்கும் என்று சொல்ல முடியாது. நெருப்போடு ஈர விறகு சேரும்போதுதான் புகை வரும். அந்த ஈர விறகே உபாதி. அதைக் கவனிக்காமல் விட்டால் நெருப்பையும் புகையையும் தவறாக முடிச்சுப் போட்டுவிடுவோம். கண்டிஷனர் வந்ததும் ரீங்காரம் போனது என்ற அனுபவத்தில் ஒரே எர்த் என்பது அப்படிப்பட்ட உபாதி. எந்த வடிகட்டியும் இல்லாத சாதாரண எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் எல்லாவற்றையும் செருகியிருந்தாலும் எர்த் சுற்றால் வரும் ரீங்காரம் பெரும்பாலும் நின்றிருக்கும். இரண்டாவது கருவி, வேறு வகையில் கைகூடியது என்று காரணப் பட்டியலிலிருந்து சிலவற்றை நீக்குவது. 17ஆம் நூற்றாண்டில் விசுவநாதர் எழுதிய பாஷாபரிச்சேதம் இதற்குத் தரும் எடுத்துக்காட்டு குயவரின் கழுதை. மண் சுமந்து வந்த கழுதை குடம் பிறப்பதற்கு முன்னால் அங்கே இருந்தது. இருந்தும் அது குடத்துக்குக் காரணமாக எண்ணப்படுவதில்லை. அது இல்லாமலும் மண் வந்து சேரும், குடம் உருவாகும். முன்னால் இருந்தது என்பதும் காரணமாக இருந்தது என்பதும் ஒன்றல்ல. இதை அறிய உடன்பாடும் எதிர்மறையும் இரண்டும் வேண்டும்: பெட்டி உள்ளபோது மாற்றம் இருக்க வேண்டும், மற்றவை அனைத்தையும் அப்படியே வைத்துப் பெட்டியை மட்டும் எடுத்தால் மாற்றம் போக வேண்டும். பெரும்பாலோர் முதல் பாதியோடு நின்றுவிடுகிறார்கள்.

இத்தனையும் தெரிந்த பின்னும், எனக்குப் பிடித்திருக்கிறது, நான் நம்பிவிட்டுப் போகிறேன், இதில் யாருக்கு என்ன நட்டம் என்று ஒருவர் கேட்கலாம். மேலைத் தத்துவத்தில் இதற்கு இரண்டு பெயர் பெற்ற விடைகள் உண்டு. இங்கிலாந்துக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபோர்ட் 1877இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு கப்பல் உரிமையாளரைக் காட்டினார். கப்பல் பழுதாக இருக்கலாம் என்ற ஐயத்தை அவர் மனத்துக்குள் அடக்கி, நல்லபடியாகப் போய்ச் சேரும் என்று தம்மைத் தாமே நம்பவைத்துக்கொண்டு பயணிகளை ஏற்றி அனுப்புகிறார். கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்தாலும் அவர் குற்றவாளிதான் என்பது கிளிஃபோர்டின் வாதம். நம்புவதற்கு அவருக்கு உரிமையே இருக்கவில்லை. அமெரிக்கரான வில்லியம் ஜேம்ஸ் 1896இல் இதற்கு மறுமொழி சொன்னார். ஒரு தேர்வு உயிருள்ளதாக, தவிர்க்க முடியாததாக, வாழ்வுக்கு முக்கியமானதாக இருந்து, அறிவால் தீர்க்கவும் முடியாததாக இருந்தால், அங்கே உள்ளத்தின் சார்பு முடிவெடுக்கலாம் என்றார். கடவுள் நம்பிக்கையை மனத்தில் வைத்து அவர் எழுதியது அது.

நம்பிக்கைக்கு இவ்வளவு இடம் கொடுத்த ஜேம்ஸிடமே போனாலும் கண்டிஷனருக்கு அந்த அனுமதி கிடைக்காது. இந்தத் தேர்வு தவிர்க்க முடியாததும் அன்று, அறிவால் தீர்க்க முடியாததும் அன்று. மீட்டர் இருக்கிறது, கழித்துக் கேட்கும் முறை இருக்கிறது, திரை போட ஒரு போர்வை போதும். கிளிஃபோர்டின் கடுமையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் அதுவும் மிகையாகும்; கப்பலில் மற்றவர்களின் உயிர் இருந்தது, இங்கே பெரும்பாலும் ஒருவரின் சொந்தப் பணம். ஆனால் விற்பவருக்கும் பரிந்துரைத்து எழுதுபவருக்கும் அந்தக் கடுமை பொருந்தும். அவர்கள் சொல் உரை அளவையாகப் பிறரைச் சென்றடைகிறது. சொல்பவர் நம்பத்தக்கவராக இருக்க வேண்டும், தாம் சொல்வதை முறையாக அறிந்தவராக இருக்க வேண்டும் என்பது உரையை அளவையாக ஏற்ற நியாய மரபு வைத்த நிபந்தனை. சோதிக்க வழியிருந்தும் சோதிக்காமல் அடித்துச் சொல்பவரின் உரை அந்த நிபந்தனையில் தேறாது.

கேட்பவரின் இன்பம் பற்றிய கேள்வி கடைசியில் நிற்கிறது. ஸ்பீக்கரிலிருந்து வந்த ஒலி மாறவில்லை; ஆனாலும் அவருக்கு இசை இனித்தது. அந்த இனிப்பைப் பொய் என்று யாரும் சொல்ல முடியாது. சைவ சித்தாந்த நூல்கள் காட்சியைப் புலன் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என நான்காகப் பிரிக்கின்றன. இன்ப துன்பத்தை உயிர் தானே உணர்வது இவற்றில் தன்வேதனைக் காட்சி. காதால் வந்த அறிவை மறுக்கும் எந்தச் சோதனையும் இந்த உணர்வை மறுப்பதில்லை. சிக்கல், இந்த உணர்வின் பலத்தில் மின்சாரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போதுதான் எழுகிறது.

இதிலும் ஒரு முடிச்சு உண்டு. 1988இல் தத்துவ அறிஞர் டேனியல் டென்னெட் எழுதிய ஒரு கட்டுரையில் காபி ருசி பார்க்கும் வேலையில் இருக்கும் இருவர் வருகிறார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் இருவருக்குமே அந்தக் காபி பிடிக்காமல் போய்விட்டது. காபியின் ருசி எனக்கு அன்றுபோலவே இருக்கிறது, அந்த ருசியைப் பற்றிய என் மதிப்பீடுதான் மாறிவிட்டது என்கிறார் ஒருவர். என் நாக்கு மாறிவிட்டது, இப்போது வேறு ருசி தெரிகிறது என்கிறார் மற்றவர். இவர்கள் சொல்வதில் எது சரி என்பதை உள்ளுக்குள் பார்த்து அவர்களாலேயே தீர்க்க முடியாது என்பது டென்னெட்டின் வாதம். கண்டிஷனர் பொருத்தியவரின் நிலையும் அதுதான். குரல் தெளிவாகக் கேட்டதா, கேட்ட குரலைத் தெளிவானது என்று மதிக்கத் தொடங்கினாரா என்பது அவருக்கே பிரிபடாது. விற்பவர் உரிமை கொண்டாடுவதோ இவ்விரண்டையும் பற்றியன்று. கம்பியில் ஓடும் மின்சாரத்தையும் ஸ்பீக்கர் முனையில் வரும் அலையையும் பற்றியது. அந்த உரிமையை ஸ்பீக்கர் முனையில் வைத்தே சோதிக்கலாம், அதற்குக் கேட்பவரின் இன்பத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.